மேலே இருபத்திரண்டு, கீழே அறுநூற்று நாற்பது

ஹெல்மரில் ஹேம் பன் இல்லாமல் யாரும் மண்ணுக்குள் போனதில்லை. கல்லறையிலிருந்து திரும்பியதும் ஊரே தேவாலயத்தின் கீழ்க்கூடத்துக்கு இறங்கும். இறைச்சித் துண்டு வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், தண்ணியான காப்பி. அழுதுகொண்டிருப்பவர்கள் கையிலும் ஒரு தட்டைத் திணித்துவிடுவார்கள். யாருடைய சாவு, என்றைக்கு, எத்தனை பன் தீர்ந்தது என்று மிசஸ் லுண்ட் ஒரு பச்சை நோட்டில் எழுதி வைப்பார். வடக்கு டகோட்டாவின் அந்த மூலையில் அந்த நோட்டை நம்பாதவர் கிடையாது.

சிக்னி ப்ரெக்கேயும் அதை நம்பித்தான் கெட்டாள். ஏழாம் வகுப்பில் புவியியல் சார் இறப்பு விகிதம் பாடம் எடுத்து முடித்திருந்தார். ஒரு வருடத்தில் இறந்தவர்களை ஊரின் மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கொரு ஊரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு எண்ணிக்கை வாங்கச் சொன்னார். பதில் வர மூன்று வாரம் ஆகுமாம். மூன்று வாரம் காத்திருக்கிற பொறுமை சிக்னிக்கு ஏது? நேராக மிசஸ் லுண்ட் வீட்டுக்குப் போனாள், நோட்டைப் பிரித்தாள், போன வருடத்துப் பக்கங்களில் வரிகளை விரலால் எண்ணினாள். இருபத்திரண்டு. ஊரில் இருப்பவர்கள் அறுநூற்று நாற்பது பேர். ஆயிரத்துக்கு முப்பத்து நான்கு என்று வந்தது.

நாடு முழுவதற்கும் ஆயிரத்துக்கு ஒன்பது. சர்க்கரை ஆலைக்கு வேலை தேடி இளவட்டங்களாக வந்து குடியேறிய பக்கத்து ஊருக்கு ஐந்து. முப்பத்து நான்கைப் பார்த்ததும் வகுப்பே சிக்னி பக்கம் திரும்பியது. பின்வரிசையிலிருந்து ட்ரெவின் மட்டும் வாயைத் திறந்தான். "உங்கப்பா தண்ணியில போடுறது குளோரின்தானா, இல்ல எலி மருந்தா?"

ஊர்க் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் சிக்னியின் அப்பா ஆர்லனின் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக, பனி முழங்கால் வரை கிடந்தாலும், விடிந்ததும் போய்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு வருகிற மனிதர். ட்ரெவின் விளையாட்டாகச் சொன்னதை ஊர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே நாளில் காப்பிக் கடை வாசலில் பாட்டில் தண்ணீர் அடுக்கடுக்காக வந்து இறங்கியது. ஊர்மன்றத்து கெல்வின், புதுக் கிணறு தோண்டிய நாளிலிருந்தே தனக்குச் சந்தேகம்தான் என்று கூசாமல் சொல்லித் திரிந்தார். கிணறு தோண்டிய அன்று ரிப்பன் வெட்டியவரே அவர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து கீழ்க்கூடத்தில் கூட்டம், கிணற்றை மூடுவதா, ஆர்லனை வேலையிலிருந்து நிறுத்துவதா என்று பேசப்போகிறோம் என்று அறிவிப்பும் ஒட்டிவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சிக்னிக்கு இருந்தது.

"கணக்கு நீ போட்டதா?"

"ஆமாப்பா."

"சரியாப் போட்டியா?"

"மூணு தடவை போட்டுப் பாத்தேன்."

"அப்ப தண்ணியைத்தான் பாக்கணும்," என்றார். மறுநாளே ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரம் ஆகும். கெல்வின் இரண்டு நாள்கூடப் பொறுக்கிற ஆளில்லை. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு கூட்டத்துக்கு வரும்படி சிக்னிக்கே சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை அவள் மறுபடி பச்சை நோட்டின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் தடவை எண்ணியது வரிகளை. இப்போது பெயர்களை எழுத வேண்டியிருந்தது. ஒன்பதாவது வரி: ஜோலீன் ப்ரெக்கே, ஏப்ரல் பதினொன்று, பன் இருநூற்றுப் பத்து.

அவளுடைய அம்மா.

அம்மா டென்வருக்குப் போய் மூன்று வருடம் கழித்து, அங்கேதான் இறந்தாள். பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். வேலைக்காகப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று அப்பா கடைசி வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரும் மரியாதைக்குத் தலையாட்டியது. அம்மாவின் கோட்டு இன்னும் கதவோரக் கொக்கியில்தான் தொங்குகிறது.

சிக்னி பென்சிலைக் கீழே வைத்தாள். வகுத்தல் கோட்டுக்குக் கீழே இருக்கிற அறுநூற்று நாற்பதில் அம்மா இருந்தாளா? இல்லை. அப்படியானால் கோட்டுக்கு மேலே இருக்கிற இருபத்திரண்டில் எப்படி வந்தாள்? அரிசோனாவில் வெயில் காயப் போன ஹோல்ம் தம்பதி எப்படி வந்தார்கள்? வாலிபத்திலேயே மினியாபொலிஸ் போய்விட்ட பல் டாக்டர்? ஹெல்மரை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் ஹெல்மரில்தான் புதைபட வருகிறார்கள். வாழ்ந்தது எங்கெங்கோ, பன் மட்டும் இங்கே. மேலே ஒரு கூட்டம், கீழே வேறு கூட்டம் என்று வைத்துக்கொண்டு அவள் மூன்று தடவை சரியாக வகுத்திருக்கிறாள்.

மிசஸ் லுண்டைக் கேட்டுக் கேட்டுப் பிரித்ததில் வெளியூர்க்காரர்கள் பதினாறு பேர் தேறினார்கள். அம்மாவையும் சேர்த்துத்தான். அம்மாவை ஹெல்மர்க்காரியாகவே விட்டுவைத்தாலும் ஆயிரத்துக்குப் பதினொன்றுதான் வரும், அப்பாவின் வேலையும் பிழைக்கும். அதை அவள் நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் ஒரு பொய்க் கணக்கு ஊரை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தாயிற்று. சரியான கணக்கைச் சொல்வதென்றால் அம்மா எங்களை விட்டுப் போய்விட்டாள் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும், அதுவும் அப்பாவை வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கூடத்தில் உட்கார நாற்காலி போதவில்லை. அப்பா கடைசியில் சுவரோரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சிக்னி தன் தப்பை முதலில் சொன்னாள். பிறகு வெளியூர்க்காரர்களின் பெயரையும் ஊரையும் வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் ஆமாம் என்று தலையசைத்தார்கள். பதினைந்து பெயர் ஆயிற்று. பதினாறாவது பெயரை அவள் வாசிக்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்றார் கெல்வின்.

"ஜோலீன் ப்ரெக்கே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அப்பா. "டென்வர். மூணு வருஷம்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "திரும்பி வருவேன்னு அவ ஒரு நாளும் சொல்லல. நான்தான் சொல்லிட்டிருந்தேன்."

கூடத்தில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவர்கள் காட்டிய தயவு.

மிச்சம் ஆறு பேர், ஆயிரத்துக்கு ஒன்பது சொச்சம் என்று சிக்னி கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். அந்த ஆறிலும் ஐந்து பேர் எண்பதைத் தாண்டியவர்கள் என்றும் சொன்னாள். கெல்வின் இருமினார், ஆய்வக முடிவு வரட்டும் என்றார், காப்பி எடுக்க எழுந்து போனார். அந்தக் காப்பி கிணற்றுத் தண்ணீரில் போட்டதுதான்.

கூட்டம் கலைந்ததும் மிசஸ் லுண்ட் நோட்டை இடுக்கிக்கொண்டு வந்தார். சிக்னி அவர் முகத்தைப் பார்க்காமலே, அம்மா பெயரை அந்த நோட்டிலும் அடித்துவிட வேண்டுமா என்று கேட்டாள்.

"உன் கணக்குல அடிச்சுக்கோ கண்ணு, அதுதான் சரி," என்றார் மிசஸ் லுண்ட். "என் நோட்டுல யாரும் தொடக் கூடாது. அன்னிக்கு இருநூத்திப் பத்து பன்னும் என் கையால வெட்டினது. ஊரை விட்டுப் போனவளுக்கா அத்தனை பேரு சாப்பிட வந்தாங்க?"