பதினான்காம் நம்பர்

ரிமோட்டைக் காணோம். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் ஹாலில் டி.வி.க்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும். படம், பாட்டு, செய்தி எல்லாம் அது வழியாகத்தான் இன்டர்நெட்டிலிருந்து இறங்கி வரும். அதன் ரிமோட் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாயம். சோபாவைப் புரட்டினேன், மெத்தையை உதறினேன், குப்பைக்கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்துவிட்டேன். பொருள் தானாக எழுந்து நடக்காது, யாராவது எடுத்தால்தான் போகும். அந்த வாரம் எங்கள் வீட்டுப் படி இறங்கி வந்த ஒரே வெளியாள் என் மச்சினன்.

மச்சினன் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கூட்டாளிகள் அவனை ‘லென்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், குடிவந்த புதிதில், வைஃபை பாஸ்வேர்டு கேட்டான். ஏற்கெனவே நெட் நொண்டியடிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். “சரி அத்தான்” என்று போனவன் அதற்குப் பிறகு ஒருதரம்கூடக் கேட்கவில்லை. தேவை இருக்கிறவன் நச்சரிப்பான். நச்சரிக்காமல் இருக்கிறான் என்றால் வேறு வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இது அப்போதே என் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ரிமோட் இல்லாவிட்டால் போனையே ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு ஆப் இருக்கிறது என்று மகள் போகிற போக்கில் சொல்லியிருந்தாள். இறக்கிப் பார்த்தேன். அந்த ஆப் பெட்டியைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாமல் முழித்துவிட்டு, பெட்டியின் ஐ.பி. முகவரியை நீயே எழுது என்றது. முகவரியா? என்னிடமா? இருபத்தாறு வருடமாகத் தபால்காரனாக இருப்பவனிடம் முகவரி கேட்டால் விடுவேனா. என் சரகத்தில் ஆள் மாறுவான், பெயர்ப்பலகை மாறும், நாய் மாறும். கதவு எண் மட்டும் மாறாது. கதவு எண்ணை நம்பித்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

மகளிடம் கேட்டிருக்கலாம். அவள் படித்ததே நெட்வொர்க் சம்பந்தப்பட்ட படிப்பு. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு பெரிய கம்பெனியில் வீடியோ வழியாக நேர்காணல். எட்டு மாதமாக எழுதிப்போட்ட இடங்களில் பதில் சொன்ன ஒரே இடம் அதுதான். ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இன்டர்நெட்டை வீடு முழுக்கப் பிரித்துக்கொடுக்கிற ரூட்டரின் அடிவயிற்றில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் போட்டிருந்தபடி போனில் அடித்து உள்ளே போனேன். நம் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி. முன்பாதி எல்லாருக்கும் ஒன்றுதான், தெருப்பெயர் மாதிரி. கடைசி எண்தான் வேறு. என் போன், வீட்டுக்காரி போன், மகள் போன், மகளின் லேப்டாப் எல்லாம் பெயரோடு இருந்தன. பன்னிரண்டும் பதினான்கும் மட்டும் பெயரில்லாமல் மொட்டையாக நின்றன.

இரண்டில் எது பெட்டி? டி.வி.யைப் போட்டு வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் பிடுங்கிப் பார்த்தேன். திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. பட்டியலில் பன்னிரண்டு காணாமல் போயிற்று. மறுபடி சொருகினேன், வந்தது. ஆகப் பன்னிரண்டுதான் பெட்டி. ஆப்பில் எழுதினேன், டி.வி. நான் சொன்னதைக் கேட்டது. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அப்படியானால் பதினான்கு யார்?

என் போனைத் தவிர எல்லார் போனையும் வாங்கி அணைத்தேன். வீட்டுக்காரி, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்கிற மாதிரி பார்த்தாள். மகளின் லேப்டாப்பையும் மூடச் சொன்னேன். எல்லாம் அணைந்த பிறகும் பதினான்கு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. என் வீட்டில் இல்லாத ஒன்று என் வைஃபையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாள் கண்காணித்தேன். விடிந்ததிலிருந்து பதினான்கு இருக்காது. சாயங்காலம் ஏழு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போகும். மச்சினன் வேலை முடிந்து படியேறுவது ஆறரை. முகம் கழுவி உட்கார ஏழு ஆகும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

புதன்கிழமை சாயங்காலம் அவனுக்கு வந்த ஒரு கடிதத்தைக் கையில் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். சாதாரணமாக அவன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனான். அந்த இடைவெளியில் அவன் டி.வி.யின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. நான் படியேறுகிற சத்தம் கேட்டு அணைத்து ஆறவிட்டிருப்பான், கைகாரன்.

“என்ன அத்தான், ஏதாச்சும் வேணுமா?” என்றான். ஒன்றுமில்லை என்று இறங்கி வந்துவிட்டேன். இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். ரூட்டரில் ஒரு முகவரிக்குத் தடை போடுகிற வசதி இருந்தது. பதினான்கு என்று எழுதி, தடை என்பதை அமுக்கினேன். பிறகு டி.வி. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, மேலே அவன் தவிப்பதை நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் செய்தி பார்த்தேன்.

ஒன்றுதான் உறுத்தியது. தடை போட்ட பிறகும் பதினான்கு பத்து மணிவரை பட்டியலை விட்டுப் போகவில்லை. வெட்கம் கெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மச்சினன் படியில் எதிர்ப்பட்டான். முகம் வீங்கி, பேச்சே வரவில்லை. பார்த்தாயா, ஒரு ராத்திரி படம் பார்க்க முடியாததற்கே இந்தக் கோலம் என்று வீட்டுக்காரியிடம் சாடையாகச் சொன்னேன். அவனுக்கு இரண்டு நாளாகக் கடைவாய்ப்பல் வலி, பிடுங்குவதற்காக லீவு போட்டிருக்கிறான் என்றாள். அவள் எப்போதும் தம்பிக்கு வக்காலத்துதான்.

அன்றைக்குத்தான் வியாழக்கிழமை. வீட்டில் சத்தம் வரக் கூடாது என்று காவல் இருப்பதற்காக நானும் லீவு. காலையிலேயே மகள் டி.வி.யைச் சுவிட்சோடு அணைத்துவிட்டாள். பத்து மணிக்குக் கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் வந்தது. அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பத்தரைக்கு மகளின் அறையிலிருந்து ஒரு பதற்றம் கேட்டது. அவள் லேப்டாப்பில் கேமரா வேலை செய்யவில்லையாம். வீட்டுக்காரி எங்கேயோ ஓடிப்போய் வேறொரு லேப்டாப்பைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள். நான் வாசலில் நின்று, ஹாரன் அடிக்கிற வண்டிகளை முறைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு மகள் வெளியே வந்தாள். கையில் அந்த லேப்டாப்.

“அப்பா, வைஃபை ஃபுல்லா காட்டுது, ஒண்ணுமே ஓப்பன் ஆகல.”

எனக்கு ரத்தம் கொதித்தது. என் பிள்ளையின் வாழ்க்கை இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது, இப்போது போய் நெட்டை உறிஞ்சுகிறானே என்று போனைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். பதினான்கு இருந்தது. பட்டப்பகலில். அதுமட்டுமில்லை, இந்தத் தடவை பெயரோடு இருந்தது. ஆங்கில எழுத்தில், லென்ஸ் என்று.

“மாட்டிக்கிட்டான்,” என்றேன். வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன். “பாரு, நல்லாப் பாரு, உன் தம்பி பேரு. பதினாலாம் நம்பர் இவன்தான்னு எனக்கு அப்பவே தெரியும். நேத்தே தடை போட்டுட்டேன்.”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையில் இடுக்கியிருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

“அப்பா, இதுதான் மாமா லேப்டாப். நான்தான் இப்போ பதினாலு.”

எனக்குச் சட்டென்று ஏறவில்லை. அதெப்படி, நேற்று அவன் இருந்த முகவரியில் இன்றைக்கு நீ எப்படி வருவாய் என்று கேட்டேன். அதெல்லாம் அப்புறம், முதலில் தடையை எடுங்கள் என்றாள். நான் அவசரத்தில் எதையோ அமுக்க, ரூட்டர் என்னை வெளியே தள்ளி, பாஸ்வேர்டு கேட்டது. ஒருதரம் தப்பாக அடித்தேன். இன்னொரு தரமும் தப்பு. ஐந்து நிமிடம் பொறு என்றது. கீழ்வீட்டில் போன் சிக்னல் ஒரு கோடுதான் வரும், அதை வைத்து வீடியோ பேச முடியாது. மகள் செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள்.

பின்னாலேயே போனேன். மச்சினன் பல் பிடுங்கிய வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, தன் போனிலிருந்து அவளுக்கு நெட் கொடுத்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டான். பிறகு அறைக்கு வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினான். எங்கள் நெட்டை இவன் தொட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவன் பேச முடியாதவன், நான் பேசத் தகுதியில்லாதவன்.

உள்ளே அவள் நான்கு நிமிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். காரணம் கேட்டிருப்பார்கள் போல. நடந்ததை அப்படியே சொன்னாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி, இதையே ஒரு வாடிக்கையாளருக்கு எப்படிப் புரிய வைப்பீர்கள் என்று கேட்டார் ஒருவர்.

“எங்கப்பா தபால்காரர் சார். முகவரின்னா வீட்டு நம்பர் மாதிரி, மாறவே மாறாதுன்னு நினைச்சுட்டார். இது லாட்ஜ் சாவி மாதிரின்னு சொல்லுவேன். வந்தவங்களுக்கு ரூட்டர் ஒரு சாவி கொடுக்கும். அவங்க போயிட்டா, நடுவுல கரண்ட் போய் ரூட்டர் பழைய கணக்கை மறந்துட்டா, அதே சாவி வேற ஆளுக்குப் போகும். ரூமுக்குப் பூட்டுப் போட்டா, அடுத்து வர்றவங்கதான் மாட்டுவாங்க.”

வீட்டிலேயே நீங்கள் இருக்கும்போது அவர் ஏன் உங்களிடம் கேட்கவில்லை என்றது அதே குரல்.

“தெரியல சார். கேட்டிருக்கலாம்.”

எனக்குத் தெரியும். என் சட்டைப்பையில் இருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், பாஸ்வேர்டை வெளியே விட்டது யாராக இருக்கும் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். முதலில் வீட்டுக்காரி. இரண்டாவது மகள். அந்த இரண்டாவது பெயருக்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் டி.வி.யைப் போட்டாள். பட்டியலில் மொட்டையாக ஒன்று வந்து சேர்ந்தது. அணைத்தாள், போயிற்று. “கடைக்காரர் மாட்டும்போது டி.வி.க்கும் தனியா வைஃபை போட்டுக் கொடுத்திருக்கார்ப்பா. நீங்க ஏழு மணிக்கு டி.வி. போடுவீங்க, பத்து மணிக்கு அணைப்பீங்க. மூணு நாளா உங்களைத்தான் நீங்க கண்காணிச்சிருக்கீங்க.” சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால் தேவலை.

“என்னையும் சந்தேகப்பட்டீங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ரூட்டரில் என் தடையை எடுத்தாள். ரிமோட் மறுநாள் என் தபால் பையின் பக்கவாட்டு உறையில் கிடைத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. வெளியூர். இந்த மாதம் முதல் தேதி கிளம்பிப் போனாள். போகும் முன்பு பட்டியலில் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி, மாமாவின் போனையும் லேப்டாப்பையும் அதில் சேர்த்து, வைஃபை பாஸ்வேர்டையும் ரூட்டர் பாஸ்வேர்டையும் மாற்றினாள். எங்கள் போன்களில் அவளே போட்டுக் கொடுத்தாள். என்ன பாஸ்வேர்டு என்று கேட்டேன்.

“மாமாகிட்ட இருக்குப்பா. வேணும்னா மாடிக்குப் போய்க் கேளுங்க.”

மூன்று வாரம் கேட்கவில்லை. நேற்று என் போன் விழுந்து உடைந்தது, புதுப் போன் வாங்கினேன். வாரத்துக்கு ஒருநாள் மகள் வீடியோவில் வருவாள், இன்றைக்குத்தான் அந்த நாள். வீட்டுக்காரியின் போனிலும் பார்க்கலாம். ஆனால் அவள், என் போனைத் தர மாட்டேன், படி ஏறினால் கால் தேயாது என்றாள்.

ஏறினேன். கதவைத் தட்டினேன். வைஃபை பாஸ்வேர்டு வேண்டும் என்றேன். என்ன விஷயம், எதற்கு என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை. “சரி அத்தான்” என்று ஒரு காகிதத்தை எடுத்து, நான் கண்ணாடி போடாமல் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதிக் கொடுத்தான்.