பௌர்ணமி கழிந்தால் வரும் வலி

நெலீடாவின் மகள் ஜோனாவுக்கு முதல் தடவை வயிற்றுவலி வந்தபோது வயது இரண்டரை. முழங்காலை மார்போடு இறுக்கிக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தாள். கொடுத்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. நான்கு நாளில் தானாகவே சரியாயிற்று. வயிற்றில் பூச்சி என்று தீவின் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதம் மறுபடி வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது.

ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. பூச்சி மாத்திரை மூன்று தடவை, இரும்புச்சத்து டானிக் ஏழு பாட்டில். படகேறி நகரத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே ஒரு வயதான டாக்டர், "சாப்பிடாம இருக்க நடிக்குது. ஒத்தைப் பிள்ளைன்னு செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார்.

வலியைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசிய குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் இப்போது குடத்தைக் கை நீட்டிக் காட்டியது, அவ்வளவுதான்.

கோயில் காலண்டரில் வலி வந்த நாட்களை நெலீடா பென்சிலால் வட்டமிட்டு வந்திருந்தாள். ஒருநாள் எடுத்துப் பார்த்தால், எல்லா வட்டமும் பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்துக்குள் விழுந்திருந்தது. மந்திரிக்கிற சிமியோனிடம் காலண்டரோடு ஓடினாள். "மரத்துல குடியிருக்கிறவங்க நிலா வெளிச்சத்துலதான் இறங்குவாங்க. பிள்ளை அவங்க கண்ணுல பட்டிருச்சு" என்று அவர் இஞ்சி எண்ணெய் தடவி, வெள்ளைக்கோழி கேட்டார். கோழி கொடுத்தார்கள். வலி நிற்கவில்லை.

நான்கு வயது முடிந்த வாரத்தில் ஜோனாவுக்கு வலிப்பு வந்தது. காலைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகி, உடம்பு கட்டைபோல் விறைத்தது. கணவன் டெல்ஃபின் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினான்.

நகரத்து ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை பார்த்தது வேறு டாக்டர். சபீடோ என்ற இளம்பெண். குழந்தையை எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பிவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாள்.

"சொன்னா சிரிக்கக் கூடாது, டாக்டர். பௌர்ணமி கழிஞ்சாத்தான் வருது." நெலீடா காலண்டரை விரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். "பௌர்ணமிக்கு உங்க வீட்டுல என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. நிலாக் காலத்துல படகு விளக்கு வெளிச்சத்துக்கு மீன் வராது. ஆம்பளைங்க கரையிலதான் இருப்பாங்க. கிழிஞ்ச வலையத் தைப்போம், அப்புறம்..." அவள் நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். குழந்தையின் வயிற்றில் மணலை வாரி இறைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "இது சாப்பாடு இல்லம்மா. ஏதோ உலோகம். பிள்ளை எதை எடுத்து வாயில போடுது?"

"தெரியல டாக்டர்" என்றாள் நெலீடா. எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டாள். அங்கே குழாயைத் திறந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பின்னால் நின்ற பெண், "பக்கெட் நிரப்பணும், சீக்கிரம் நகருக்கா" என்றதும்தான் குழாயை மூடினாள். பிறகு உள்ளே போய் நின்றபடியே சொன்னாள்.

"ஈயம் உருக்குவோம், டாக்டர். வலைக்குக் கனம் கட்டற குண்டு வார்க்க. பழைய பாட்டரிய உடைச்சு எடுக்கிறதுதான். சமையல்கட்டுலயே அடுப்பு. நான்தான் உருக்குவேன். அவ என் மடியோட ஒட்டி உட்கார்ந்திருப்பா. அவங்கப்பா குண்டைப் பல்லால கடிச்சுக் கயித்துல நெரிப்பாரு. அதைப் பார்த்து அவளும் கடிப்பா. நாங்க பார்த்துச் சிரிப்போம்."



டெல்ஃபின் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கப்பா ஆயுசு பூரா பல்லாலயே நெரிச்சாரு. எழுபத்தெட்டு வயசு வரைக்கும் படகுல போனாரு."

"உங்கப்பா பெரியவரு. இது பதினோரு கிலோக் குழந்தை. ரத்தத்துல இருக்கிற ஈயத்தை மருந்தால வெளியேத்தலாம். மூளையில என்ன பண்ணியிருக்குன்னு என்னால சொல்ல முடியாது. இனிமே அந்த வீட்டுக்கு இவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க."



மருந்து தலைநகர் மணிலாவிலிருந்து வர ஒன்பது நாளாயிற்று. அதற்குள் இன்னும் இரண்டு தடவை வலிப்பு. ஊசிகள் முடிந்ததும் நெலீடா குழந்தையோடு அக்கரை மலையடிவாரத்தில் சோளம் போடும் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். டெல்ஃபின் அடுப்பை உடைத்து, சமையல்கட்டு மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியெடுத்துத் தொலைவில் புதைத்தான் என்று கேள்விப்பட்டாள். அதை அவனாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவான். குளித்துச் சட்டை மாற்றாமல் பிள்ளையைத் தொடமாட்டான்.

விட்டுவந்த துணிகளை எடுக்க ஒருமுறை தீவுக்குப் போனபோது நாத்தனார் வில்மாவிடம் நெலீடா எல்லாவற்றையும் சொன்னாள். வில்மா எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அச்சில் ஈயம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுக்கு வந்தா எங்க தொழிலா குத்தம்? ஊர்ல வீட்டுக்கு வீடு உருக்குறாங்க. நீங்க டாக்டர்கிட்ட உளறி, நாளைக்கு ஆபீசர் வந்து அடுப்பை உடைச்சா வலைய எதால இறக்குவோம்? கல்லைக் கட்டியா?"

"பிள்ளைய மட்டும் வெளிய வச்சுக்கோ, வில்மா."

"போங்க அண்ணி. சும்மா கெட்டது பேசாதீங்க."

அடுத்த பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் போயிற்று. வலி வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஜோனா நன்றாகச் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நெலீடா தினமும் சோளக்கொல்லை ஓரத்தில் உட்கார்த்தி, "இது என்ன? காக்கா. சொல்லு, காக்கா" என்பாள். குழந்தை அவள் வாயையே உற்றுப் பார்க்கும். ஆறு மாதத்தில் "அம்மா", "சோறு", "வேணாம்" என்று மூன்று சொல் திரும்பின. ஒருகாலத்தில் கதை சொல்லிய பிள்ளை.

மழைக்காலத் தொடக்கத்தில் வில்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முந்தின நாள் வலிப்பு வந்ததாம்.

நெலீடா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வில்மா, "நாம வேணும்னு செய்யலையே, அண்ணி?" என்றாள்.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். வில்மா பெஞ்சிலேயே இருந்தாள். நெலீடாதான் குழந்தையை வாங்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனாள்.