வறண்ட கண்ணும் கியூர்பிப் மேகமும்

எங்கள் கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் இப்போது குடிக்கிற தேநீர் என் தொண்டையைத் தாண்டாமல் போகட்டும். தாண்டிவிட்டது. மேலே சொல்கிறேன்.

1963இல் எனக்கு முப்பத்திரண்டு வயது. எங்கள் தீவின் மேட்டிலிருக்கும் கியூர்பிப்பிலிருந்து கடலோரத்துப் போர்ட் லூயிக்கு இறங்கும் பஸ்ஸுக்கு ஓட்டுநர் வேண்டுமென்று ஒரு கம்பெனி ஆள் தேடியது. ஒரே நிபந்தனை, மூக்குக்கண்ணாடி கூடாது. முன்பிருந்த ஓட்டுநர், மழையில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போய், பஸ்ஸைக் கல்யாணப் பந்தலுக்குள் விட்டுவிட்டாராம். பயணிகள் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார்களாம். எனக்கோ கண்ணாடியைக் கழற்றினால் மாடும் மரமும் ஒன்று. இந்த வேலை கிடைக்காவிட்டால் கான் தெ மாஸ்க் கரும்புக்காட்டுக்குத் திரும்ப வேண்டும். பத்து வருடம் வெட்டியதில் என் முதுகு ஏற்கெனவே கேள்விக்குறி.

கியூர்பிப்பில் க்ளெமான் என்ற கண்ணாடிக்காரர், கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வைத்திருந்தார். முதலில் என் கீழிமையில் ஓர் ஒற்றுத்தாள் துண்டைச் செருகிவிட்டுக் காத்திருந்தார். எடுத்தபோது அது காய்ந்தே இருந்தது. அதே தாளால் தன் கையெழுத்தின் மையை ஒற்றிக்கொண்டார்.

"கடைசியா எப்போ அழுதீங்க, பழனியாண்டி?"

"பிறந்தப்போன்னு சொல்லுவாங்க, மிஸ்யே."

அவர் சிரிக்கவில்லை. மேசையில் இரண்டு லென்ஸ்களை வைத்தார். "பெருசு கண்ணு வெள்ளையையே மூடும். அடியிலே தண்ணி ஊத்தி வைக்கலாம். ஆனா பார்த்தாலே தெரியும், மீன் மாதிரி முழிப்பீங்க. சின்னது தெரியாது. ஆனா கண்ணீர்மேல மிதக்கணும். உங்ககிட்ட கண்ணீரே இல்லையே! கண்ணாடி போட்டுக்கிட்டு வேற வேலை பாருங்க."

"சின்னதையே குடுங்க."

"அப்போ எல்லா ஊர்லயும் போட்டுப் பாருங்க. இங்கே மட்டும் பார்த்துட்டு நம்பிடாதீங்க."

நம்பிவிட்டேன். மூன்று நாள் கியூர்பிப்பில் போட்டுத் திரிந்தேன். உறுத்தவே இல்லை. அந்த ஊரில் காற்றே பாதி தண்ணீர், கண் நனைய அழத் தேவையில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நாற்பது பயணிகளோடு சோதனை ஓட்டம். பக்கத்தில் மேற்பார்வையாளர் ரொலான், மடியில் நோட்டுப் புத்தகம். வழியிலுள்ள பீனிக்ஸ் ஊர் வரை மேகம் எங்களோடு வந்தது. அங்கே நின்றுவிட்டது. ரோஸ் ஹில்லில் சுள்ளென்று வெயில், ஜன்னல் வழியே புழுதி. இடது கண்ணில் ஓடு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இமைத்தால் இமை நின்றது. வலது கண்ணிலும் தொடங்கிற்று. தெருவெல்லாம் கஞ்சியாகத் தெரிந்தது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கண்ணைத் தேய்த்தால் ரொலானுக்குத் தெரிந்துவிடும். நிறுத்தினால் வேலை போயிற்று. ஓட்டினால் ஆள் போய்விடும். இறக்கம் வேறு தொடங்கிவிட்டது.

"ஏன் மெதுவாப் போறே?" என்றார் ரொலான்.

"ரோட்டை ரசிக்கிறேன், மிஸ்யே."

என் பின்னால் ருக்மணி அக்கா உட்கார்ந்திருந்தாள். சாவுவீடுகளில் ஒப்பாரி பாடுகிறவள். அவளைத்தான் உதவிக்குக் கேட்க வேண்டும், ரொலானுக்குப் புரியாமல். எங்களுக்குப் பேச்செல்லாம் தீவின் க்ரியோல் மொழி. தமிழ் என்றால் கோயில்தான். தெரிந்த தமிழைப் பூசை ராகத்தில் இழுத்தேன்:

"கண்ணிலே நீரில்லையே, அக்கா… அழ வையுமே…"

"அரோகரா!" என்றது பஸ் முழுவதும்.

"சாமி இல்லே! நெசமாத்தான் தெரியலையே…"

"அரோகரா!" இந்த முறை கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்கள். ரொலான் தொப்பியைக் கழற்றினார்.

ருக்மணி அக்காவுக்கு மட்டும் தமிழ் புரிந்தது. என் காதருகே குனிந்தாள்.

"என்னடா, குருடனா ஓட்டுறே?"

"முக்கால் குருடு, அக்கா."

உடனே ஒப்பாரியைத் தொடங்கினாள். ஒரு சொல்லும் புரியாமலே பஸ் முழுவதும் விசும்பியது. ரொலானும் தன் செத்துப்போன நாயின் பெயரைச் சொல்லி அழுதார். என் கண் மட்டும் உலர்ந்த கொப்பரை. எதிரே கறுப்பாக ஏதோ பெரிதாகிக்கொண்டு வந்தது. வீடாகவும் இருக்கலாம், விதியாகவும் இருக்கலாம்.

"அக்கா, பாட்டு போதாது!"

அவள் கை முன்னால் வந்தது. என் மூக்குக்குள் இரண்டு விரலை விட்டு, நீண்ட முடி ஒன்றைப் பிடித்து, வேரோடு இழுத்தாள்.

முப்பத்திரண்டு வருடக் கண்ணீரும் ஒரே நொடியில் வந்தது. லென்ஸ் இரண்டும் மிதந்தன. பார்த்தால், தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கரும்பு லாரி. பிரேக்கை மிதித்தேன். லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கோழி நின்றது. அதற்குத் திரும்ப இடம் இருக்கவில்லை. பின்னோக்கியே நடந்து போயிற்று.

"அந்தம்மா என்ன பண்ணினாங்க?" என்றார் ரொலான், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"சாமி காரியம், மிஸ்யே," என்றாள் ருக்மணி அக்கா.

போர்ட் லூயி போய்ச் சேரும்வரை அவள் என்னிடம் ஐந்து முடி பிடுங்கினாள். ரொலான் நோட்டில் எழுதியதை நானே பார்த்தேன்: "பக்திமான். உடனே சேர்த்துக்கொள்ளலாம்."

அந்தக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றேன். வண்டி ஓட்ட நான் கற்றுக்கொண்டதே இல்லை.