காயாத மை

ஹெட்கிளார்க் ஆர்டரில் ‘ஆக்டிங்’ என்று எழுதிய செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு, ஸ்பேரக்காவுக்கு மீசை முளைத்தது. லீவில் போன மூன்றாம் பம்ப்பு ஆபரேட்டரின் புடைத்த மூக்கும் புருவத் தழும்பும் கூடவே வந்தன. குடிநீர் பம்ப்பு ஹவுஸில் யாரும் பதறவில்லை. லீவில் போகிறவருக்குப் பதில் ஆள் போடும்போது ஆர்டரில் எந்த இங்கிலீஷ் வார்த்தை விழுகிறதோ அந்த அளவுக்கு ஆள் மாறுவது அங்கே இருபது வருஷமாக நடப்பதுதான். ‘சப்ஸ்டிட்யூட்’ என்றால் குரல் மட்டும். ‘ரிலீவர்’ என்றால் நடையும். ‘இன்சார்ஜ்’ என்றால் அவருடைய முதுகுவலியும் கொசுறாக வரும். சொந்தமாக ஒரு நாற்காலி இல்லாமல், லீவு போடுகிறவர்கள் இடத்திலெல்லாம் ஸ்பேராக உட்காருகிற ஸ்பேரக்கா அதுவரை பதினொரு பேருடைய முதுகுவலியைத் தாங்கியிருந்தாள். ‘ஆக்டிங்’ மட்டும் யாருக்கும் விழுந்ததில்லை. புதிதாக வந்த ஹெட்கிளார்க்குக்கு அந்த வார்த்தை கம்பீரமாகத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். “பத்து நாள்தானேம்மா. அவர் வந்து, பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கிட்டதா சார்ஜ் நோட்டுல கையெழுத்துப் போட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்” என்றார்.

அவர் வரவில்லை. தங்கை வீட்டுக்குப் போன இடத்தில், சாப்பிட்டுக் கை கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை. துக்கம் கேட்கப் போனவர்கள் ஸ்பேரக்காவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த முகத்தோடு அவள் அங்கே எப்படிப் போவாள்? தொண்ணூறு நாள் ஆக்டிங்கில் இருந்தவருக்கு, கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணியோடு அந்த இடம் நிரந்தரமாகிவிடும் என்ற விதியை ஹெட்கிளார்க் தேடி எடுத்து வாசித்தார். நிரந்தரம் கேட்டுப் பதினெட்டு வருஷம் மனுப் போட்டவள் அன்று மீசையைத் தடவிக்கொண்டே நாளை எண்ணத் தொடங்கினாள்.

வீட்டில் ஆறு வயது மகள் முதல் வாரம் மீசையை இழுத்து விளையாடினாள். மூன்றாவது வாரம் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, “அம்மா எப்ப வரும்?” என்றாள். “நான்தான்டி” என்று கட்டைக் குரல் சொன்னதும் இன்னும் உள்ளே நகர்ந்தாள். புருஷன்காரன் தலையணையை எடுத்துக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதே, என்னமோ மாதிரி இருக்கு” என்று அடுத்த அறைக்குப் போய்விட்டான். பம்ப்பு ஹவுஸிலோ, செத்தவரின் மனைவி தினமும் மத்தியானம் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஸ்பேரக்காவுக்கு முகத்தைத் திருப்ப மனசு வராது. அறுபதாம் நாள் அந்த அம்மாள் வாய் திறந்தாள். “தொண்ணூறு தாண்டிடணும்னு வேண்டிக்கிறேன். பாவம்தான். இருந்தும் வேண்டிக்கிறேன்.” ஸ்பேரக்கா வால்வைத் திருகிக்கொண்டே அழுதாள்.

தொண்ணூறாம் நாள் மூன்று மணிக்குத்தான் ஹெட்கிளார்க்குக்கு ‘ஃபார்’ ஞாபகம் வந்தது. மேனேஜர் இல்லாத நேரத்தில் அவர் பெயருக்கு முன்னால் ‘ஃபார்’ போட்டு இவர் கையெழுத்துப் போடுவதுண்டு. போடுகிற கை மட்டும் மேனேஜர் கையாகி, மை காய்ந்ததும் தன் கையாகிவிடும். செத்தவருக்காகப் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. போடுகிற உரிமை வாரிசுக்குத்தான். நாலரைக்கு அந்த அம்மாளை அழைத்துவந்து சார்ஜ் நோட்டுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

“போட்டா இந்த முகம் போயிடும்ல?”

“போயிடும்” என்றாள் ஸ்பேரக்கா, அந்த அம்மாளின் செத்துப்போன புருஷனின் குரலில்.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடிகாரம் நாலே முக்காலைத் தாண்டியது. யாரும் அவளை வற்புறுத்தவில்லை, எந்த வாயால் வற்புறுத்துவது? அந்த நேரம் ஸ்பேரக்காவின் புருஷன்காரன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அழைத்துக்கொண்டு வந்தான். குழந்தை மீசையைப் பார்த்தது. பார்த்ததும் ஓடிப்போய், அந்த அறையில் பொம்பளை முகத்தோடு இருந்த ஒரே ஆளான அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கம் தன் முதுகில் ஏறுவதை அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கையில், பேனாவை எடுத்து ‘ஃபார்’ என்று எழுதிப் புருஷன் பெயரைப் போட்டாள்.

மீசை உதிர்ந்தது. ஸ்பேரக்காவின் மோவாய் மச்சம் பழைய இடத்துக்கு வந்தது. குழந்தை எட்டிப் பார்த்து, கிட்டே வந்து, மச்சத்தை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தது. “ஏன் இவ்ளோ லேட்டு?” என்றது.

அந்த அம்மாளின் வலது கை அவள் புருஷனுடைய கையாக மாறியிருந்தது. தடித்த விரல்கள், நகக்கண்ணில் கிரீஸ், வால்வு திருகிக் காய்த்த உள்ளங்கை. மை காயட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஐந்தரை ஆனது, ஆறு ஆனது, மை காயவில்லை. அவள் அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாம் பம்ப்புக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஸ்பேரக்கா இப்போதும் ஸ்பேர்தான், ஆர்டரைப் படித்துப் பார்க்காமல் நாற்காலியில் உட்காருவதில்லை. சார்ஜ் நோட்டு அந்தப் பக்கத்திலேயே பிரித்தபடி மேஜை மேல் இருக்கிறது. எத்தனை வெயில் அடித்தாலும் அந்த அறையில் யாரும் ஃபேன் போடுவதில்லை.