கார்மேல் மலையடிவாரத்து வீடு

யதுசாவின் மாமியார் ரெனாட்டே ஹனோவரில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஹைஃபா என்றுதான் சொல்வார். அவருடைய முன்னோர் கார்மேல் மலையின் புனிதத்தை நம்பி, ஜெர்மனியிலிருந்து போய் அதன் அடிவாரத்தில் இருக்கும் அந்தத் துறைமுக நகரில் குடியேறியவர்கள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டிஷ்காரர் அவர்களை அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்கள்.

காசாப் போருக்கு முந்தைய வசந்தத்தில் யதுசாவும் கணவன் ஹென்னிங்கும் ரெனாட்டேயை அங்கே கூட்டிப்போனார்கள். துறைமுகத்திலிருந்து நேராக மலையை நோக்கி ஏறும் தெரு. இருபுறமும் ஓட்டுக்கூரை போட்ட கல்வீடுகள். உச்சியைப் பார்த்தபடி நடந்த ரெனாட்டே ஒரு வீட்டின் முன் நின்றுவிட்டார். வாசலுக்கு மேலே, பழைய ஜெர்மன் எழுத்தில், வீட்டார் சொல்லக் கேட்டு அவர் வளர்ந்த அதே வேதவசனம். வீடு இப்போது உணவகம். அதன் சொந்தக்காரரான அரபுக்காரர் விஷயத்தைக் கேட்டதும், "உங்கள் வீடுதான், வாருங்கள்" என்று உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார். ரெனாட்டே சுவரில் நெற்றியை வைத்து அழுதார். அவரைத் தாங்கிக்கொண்டு நின்ற யதுசாவும் அழுதாள்.

அவளுக்குத் தன் அப்பாவின் நினைவு வந்தது. இராசலிங்கத்தின் வீடு ஊரில், மயிலிட்டியில், கடலுக்குக் கிட்ட. தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் பிடித்த நிலம் அது. முந்தைய வருடம், தான் வசிக்கும் டோர்ட்மண்டிலிருந்து அதைப் பார்க்கப் போனவரை முட்கம்பி வேலியருகிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள் என்று யதுசா நினைத்தாள். திரும்பி வந்ததும் அப்பாவை ஹனோவருக்குச் சாப்பிட அழைத்தாள்.

ரெனாட்டே ஹைஃபாவில் எடுத்த படங்களைக் காட்டினார். இராசலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, வேலியின் படத்தைக் காட்டினார்.

"இதற்குப் பின்னால் என் வீடு," என்றார் தன் ஜெர்மனில். "எங்களையும் வெளியேற்றினார்கள்."

ரெனாட்டே படத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை அன்பாகவே திருப்பிக் கொடுத்தார்.

"அது வேறு, இராசலிங்கம். எங்களிடமிருந்து பறித்தார்கள். நீங்கள் நல்ல வாழ்க்கை தேடி வந்தீர்கள். இந்த நாடு அதைக் கொடுத்தும் விட்டது. இல்லையா?"

ஹென்னிங் உருளைக்கிழங்கு சாலட்டை இராசலிங்கத்தின் பக்கம் நகர்த்தினான். யதுசா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"யா," என்றார் இராசலிங்கம் சிரித்தபடி. "டாங்க." நன்றியும் சொல்லிவிட்டார்.

அவரை ரயிலேற்றிவிட நிலையத்துக்குப் போகும்போது காரில் யதுசா வெடித்தாள்.

"ஏனப்பா ஓம் எண்டு சொன்னனீங்கள்? அவ சொன்னது பொய் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"வந்த நாளிலயிருந்து எல்லாரிட்டையும் அதைத்தானே பிள்ளை சொல்லுறன். வேற என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்?"

"உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"என்ர ஜெர்மன் அவ்வளவுதான். நீ இங்க படிச்சனி. நீயும் வாயைத் திறக்கேல்லையே."

நிலையத்தில் அவர் தானே கதவைத் திறந்து இறங்கி, கையசைத்துவிட்டுப் படியேறிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஹென்னிங் சொன்னான்: "அம்மா தவறான எண்ணத்தில் சொல்லவில்லை."

"எனக்குத் தெரியும்," என்றாள் யதுசா. "அதனால்தான் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது." ஜெர்மனுக்கு நடுவில் 'ஏலாமல்' என்ற அந்த ஒரு தமிழ்ச்சொல் தன்னையறியாமல் வந்து விழுந்தது. அவன் அதற்குப் பொருள் கேட்கவில்லை.

அதன்பிறகு இராசலிங்கம் ஹனோவருக்கு வரவே இல்லை. ஒவ்வொரு முறை அழைக்கும்போதும், முழங்கால் நோகுது பிள்ளை, ரயில் ஏற ஏலாது என்பார். கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்கு அவர் வெறுங்காலோடு நடந்து போனதை அவளுக்கு யாரோ சொன்னார்கள்.