பத்தொன்பது பிள்ளைகளும் பங்களாப் புல்லும்

புல் கெட்டுப்போகும் என்று துரை சொல்லி அனுப்பினார்.

அவ்வளவுதான் பதில். பிள்ளைகளைப் பங்களாப் புல்வெளியில் விளையாட விடும்படி கேட்டு, தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று என்று நிரஞ்சலா இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்துப் பதினோரு நாளாகியிருந்தது. பதிலை எழுதித் தரக்கூட அவருக்கு மனம் வரவில்லை. பங்களா வாச்சர் பொன்னையா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு வாய்மொழியாகச் சொன்னார்.

“புல்லா?” என்று கேட்டாள் நிரஞ்சலா.

“புல்லுதான் டீச்சர். வெளிநாட்டுப் புல்லாம்.”

தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நிரஞ்சலா பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பத்தொன்பது பிள்ளைகள். போன நவம்பர் மழையில் காம்பராவின் பக்கத்து மண்மேடு சரிந்து, அவர்கள் விளையாடிய முற்றத்தைப் பாதிக்கு மேல் மூடிவிட்டது. பார்க்க வந்த அதிகாரிகள் கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்றார்கள். மிச்ச முற்றத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். பிள்ளைகளை இறக்கிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். நாடா இன்னும் இருக்கிறது. அவர்கள் திரும்பி வரவில்லை.

மூன்று மாதமாகப் பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். நடை பழகவேண்டிய இரண்டு பிள்ளைகள் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றன. பெரிய பிள்ளைகள் ஒன்றையொன்று கடித்தன. போன வாரம் ஒரு சின்னப் பெண்ணின் காதில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. அவள் தாய் வந்து போட்ட சத்தம் பாதை வரைக்கும் கேட்டது.

பாதைக்கு அந்தப் பக்கம் பங்களா இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கட்டடம். தோட்டத்தை நிர்வகிக்கும் இப்போதைய துரை ஃபேக்டரிக்குக் கிட்டே வேறு வீட்டில் இருக்கிறார். கம்பெனி பங்களாவை விருந்தினர் விடுதியாக்கி, வாரத்தில் ஐந்து நாள் ஆளில்லாமல் பூட்டி வைத்திருந்தது. அதன் முன்னால் அரை ஏக்கர் புல்வெளி. ஒரு பந்தை வைத்தால் உருண்டு ஓடாமல் நிற்கும் நிலம் அந்தப் பிரிவிலேயே அது ஒன்றுதான்.

கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் பச்சை. உட்கார ஓர் இடமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நிரஞ்சலாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. அப்படி எரிவதற்கு அவளிடம் தனியாக ஒரு காரணமும் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வியன்னாவுக்குப் போய் வந்தவள். தம்பி துஷாந்த் அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். மனைவியின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக அக்காவை இரண்டு மாதம் வரவழைத்திருந்தான். ஒருநாள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பூங்காவுக்குக் கூட்டிப்போனான். அவுகார்டன் என்று பெயர்.

வாசலைப் பார்த்ததும் நிரஞ்சலாவின் கால் நின்றுவிட்டது. கல்லில் கட்டிய பெரிய வளைவு. உள்ளே இரண்டு பக்கமும் வானத்தைத் தொடும் மரங்கள், நூல் பிடித்த மாதிரி வரிசை. தூரத்தில் ஒரு மாளிகை. துஷாந்த் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விட்டான். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும், பச்சைச் சட்டை போட்ட ஒருவன் சின்ன டிராக்டரில் வந்தான். நிரஞ்சலா குடையை மடக்கிக்கொண்டு பாதையை விட்டு இறங்கி, மரத்தடியில் தலையைக் குனிந்து நின்றாள். தோட்டத்தில் துரையின் ஜீப் வந்தால் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி அப்படித்தான் நிற்பார்கள். ஜீப் போனபிறகுதான் ஏறுவார்கள். ஆனால் டிராக்டர் போகவில்லை. அவள் பாதையைக் கடக்கக் காத்திருக்கிறாள் என்று நினைத்து அவன் வண்டியை நிறுத்திவிட்டான். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினான். அவள் அசையவில்லை. அவனும் அசையவில்லை.

துஷாந்த் திரும்பி ஓடிவந்தான். “அக்கா, அந்தாளு புல்லு வெட்ற ஆளு. மொதல்ல செருப்பப் போடுங்க.”

அந்த வெட்கம் ஆற இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் தனியாகவே குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு தினமும் போனாள்.

ஒரு காலத்தில் அது ராஜாக்களின் தோட்டமாம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா கதவைத் திறந்துவிட்டாராம். எல்லா மனிதருக்கும் உரியது என்று வாசல் வளைவில் பொறித்திருந்ததைத் துஷாந்த் படித்துச் சொன்னான். கண்டவர்களோடு நடக்க வேண்டியிருக்கிறதே என்று பிரபுக்கள் முறையிட்டார்களாம். எனக்குச் சமமானவர்களோடு மட்டும்தான் நடப்பேன் என்றால் நான் என் பாட்டன் பூட்டனைப் புதைத்த நிலவறைக்குள்தான் போய் நடக்கவேண்டும் என்று ராஜா பதில் சொன்னதாக அந்த ஊரில் ஒரு கதை உண்டு.

நிரஞ்சலாவுக்கு ராஜாவைவிடப் பிடித்தது அங்கே வந்த சனங்களைத்தான். தலையில் துணி கட்டிய பெண்கள் சட்டி சட்டியாகச் சோறு கொண்டுவந்து புல்லில் விரித்துச் சாப்பிட்டார்கள். கிழவர்கள் இரும்புக் குண்டை உருட்டி விளையாடிச் சண்டை போட்டார்கள். புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி தூங்கினாள். யுத்த காலத்தில் கட்டிய ராட்சதக் கொங்கிரீட் கோபுரம் ஒன்று நடுவில் கறுத்து நின்றது. அதன் நிழலிலும் பிள்ளைகள் பந்தடித்தார்கள். யாரும் யாரையும் யார் நீ என்று கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அவளும் புல்லில் மல்லாந்து படுத்தாள். நாற்பத்தாறு வயதில், வெட்டவெளியில் முதுகை மண்ணில் சாய்த்துப் படுத்தது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் புல் கெட்டுப்போகும் என்ற பதில் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இருநூற்றைம்பது வருஷமாக ஒரு நகரமே மிதித்தும் கெடாத புல் அவள் கண்ணால் பார்த்த புல்.

மறுவாரம் பங்களா வாசலில் பெரிய பேனர் ஒன்றைக் கட்டினார்கள். விடுதித் தோட்டத்தை ‘பாரம்பரியப் பூங்கா’ என்று பெயர் மாற்றி, ஐரோப்பியப் பூங்காவின் சுகத்தை ஊவா மலையில் அனுபவியுங்கள் என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். கீழே ஒரு படம். நிரஞ்சலா பாதையிலேயே நின்றுவிட்டாள். அந்த மர வரிசையை அவளுக்குத் தெரியும். அந்தக் கறுத்த கோபுரத்தின் விளிம்பும் இடது பக்கத்தில் கொஞ்சம் தெரிந்தது. யாரோ இணையத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

துரை அங்கேதான் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது மனிதர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். நிரஞ்சலா கானுக்குள் இறங்காமல் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, இந்தப் படத்துல புல்லு மேல ஒக்காந்திருக்கிறது யாருங்க?”

துரை படத்தைப் பார்த்தார். பெண்கள், தள்ளுவண்டிகள், பந்துக்குப் பின்னால் ஓடும் நாலைந்து பிள்ளைகள்.

“அது வேற நாடு, நிரஞ்சலா.”

“படத்த இங்கதானுங்களே கட்டியிருக்கீங்க. நா அந்த எடத்துல ரெண்டு மாசம் இருந்திருக்கேன். அங்க போறதுக்கு யாரும் கடிதாசி குடுக்கிறதில்ல.”

துரையின் புருவம் உயர்ந்தது. “நீயா? இங்கயா போனே?” என்று கேட்டுச் சிரித்தார். பேனர் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு, தான் அவளுக்கு எதிரியில்லை என்றும், இது கம்பெனியின் முடிவு என்றும், நாளைக் காலை கொழும்பிலிருந்து ஆள் வந்து தோட்டத்தைப் படம் பிடிக்கப் போகிறார் என்றும், அது முடியட்டும், மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றும் சமாதானமாகச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவள் இன்னும் ஒரு மாதம் பொறுத்திருப்பாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நிரஞ்சலா ஒரு நீளக் கயிற்றில் பதின்மூன்று முடிச்சுப் போட்டாள். நடக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்தார்கள். கைக்குழந்தைகள் நாலையும் நடை பழகாத இரண்டையும் பின்னால் மூன்று நடையாகத் தூக்கிவந்து விடும்படி உதவியாள் அங்கம்மாவிடம் சொன்னாள். அதன்பிறகு அங்கம்மா காம்பராவிலேயே நிற்கவேண்டும். யார் வந்து கேட்டாலும் எங்கே போயிருக்கிறோம் என்று சொல்லவேண்டும், அதற்காக.

பங்களா வாசலில் பொன்னையா குறுக்கே நின்றார். “டீச்சர், என் வேலைக்கு ஒல வச்சிடாதீங்க.”

“நாலாவது முடிச்சுல யாரு நிக்கிறான்னு பாருங்க.”

நாலாவது முடிச்சில் அவருடைய பேரன் மூக்கொழுக நின்றான். பொன்னையா அவனைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார்.

“எனக்கு டீ குடிக்கிற நேரம்,” என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போனார். “நா ஒண்ணையும் பாக்கல.”

முதல் ஐந்து நிமிஷம்தான் பிள்ளைகளுக்குப் புல்லைக் கண்டு கூச்சம். அப்புறம் பிடிக்க முடியவில்லை. காது கடிபட்டவளும் கடித்தவனும் கையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. துரையும் கொழும்புக்காரரும் இறங்கினார்கள். துரையின் முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று நடந்து வந்தவர் பாதி வழியில் சட்டென்று நின்றார்.

பத்து மணி என்பது பால் கொடுக்கும் நேரம். கைக்குழந்தை உள்ள பெண்கள் அந்நேரம் மலையிலிருந்து இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலங்காலமாக உள்ள வழக்கம். எந்தக் கங்காணியும் அதில் தலையிட மாட்டார். அன்றைக்கும் நாலு பேர் இறங்கி வந்தார்கள். பிள்ளைகள் பங்களாவில் இருக்கின்றன என்று அங்கம்மா சொன்னாள். நேரே பங்களாவுக்கு வந்தார்கள். செடி கீறாமலிருக்க இடுப்பில் கட்டிய முரட்டுப் படங்குத் துணியை அவிழ்த்துப் புல்லில் விரித்து, அதன்மேல் கால்நீட்டி உட்கார்ந்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டார்கள்.

துரை முதுகைத் திருப்பிக்கொண்டார். கொழும்புக்காரரும் கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார். இரண்டு பேரும் பங்களாச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

“நிரஞ்சலா, இங்க வா,” என்றார் துரை சுவரிடம்.

“பிள்ளைங்க பால் குடிக்குதுங்க ஐயா. முடியட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“அத அதுங்ககிட்டத்தான் கேக்கணும்,” என்றாள் சுதர்ஷினி என்ற தாய், மடியிலிருந்து கண்ணெடுக்காமல். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

நாளைக்கு வாசலில் பூட்டுப் போடுவேன் என்றார் துரை. தாராளமாகப் போடுங்கள் என்றாள் நிரஞ்சலா.

“பூட்டுப் போட்டா வாசல்லயே ஒக்காந்து குடுப்பாங்க. ஒங்க பேனருக்குக் கீழ. ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் பாக்கட்டும்.”

பேனருக்குக் கீழே அப்படி ஒரு காட்சி கம்பெனிக்கு நல்லதில்லை என்று கொழும்புக்காரர் துரையிடம் மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்ட துரை, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, விருந்தாளிகள் இல்லாத நாட்களில் மட்டும் வரலாம் என்றார். விருந்தாளி இருக்கிற நாளிலும் பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறது என்றாள் நிரஞ்சலா. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் வாதாட முடியும்? சரி என்றார்.

பெரிய மனசு வைத்திருக்கிறார், ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள் டீச்சர் என்று குசினிப் பக்கமிருந்து வந்த பொன்னையா காதோடு சொன்னார். நிரஞ்சலா சொல்லவில்லை.

“நாளைக்குக் காலையில பெரட்டுல அறிவிச்சிருங்க ஐயா,” என்றாள். “எல்லாரும் கேக்கணும். நாங்க திருட்டுத்தனமா வந்தோம்னு பின்னாடி ஒருத்தரும் சொல்லக் கூடாது.”

மறுநாள் ஆறரை மணிக்கு, பனி இன்னும் விலகாத பெரட்டுக் களத்தில், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். கணக்கப்பிள்ளை எந்த மலைக்கு யார் என்று உரத்த குரலில் பிரித்துச் சொன்னார். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, பிள்ளைகளும் பங்களாப் புல்லும் என்று ஏதோ வாய்க்குள்ளேயே வாசித்துவிட்டு மடிக்கப் போனார்.

“காது கேக்கல,” என்றாள் நிரஞ்சலா கூட்டத்தின் பின்னாலிருந்து. “இன்னொரு தரம் சத்தமா வாசிங்க.”

அவர் வாசித்தார்.