காட்டுப்பன்றி மாப்பிள்ளைக்கு ஒரு முத்தம்

கெஸீனாவிடம் ஒரு முத்தம் வாங்கிவிட வேண்டும் என்பதற்காகவே நான் கார்ட்டூன் கட்சியில் சேர்ந்தேன். குழந்தைகள்மேல் அன்பு, காலத்துக்கேற்ற கலை என்றெல்லாம் நாடக மன்றத்தில் நான் முழங்கியது சுத்தப் புளுகு.

எங்கள் ஊர்க் கதை இதுதான். ரொட்டிக்கடைக்காரர் மகளைக் காட்டுப்பன்றிக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை அவள் தட்டிலேயே மூக்கை விட்டு உருளைக்கிழங்கு உருண்டையைத் தின்கிறது. பொறுத்துப் பார்த்தவள் அதன் காதைப் பிடித்துக் கடித்துவிடுகிறாள். பன்றி மனுஷனாகி நிற்கிறான். ஒவ்வொரு ஜூனிலும் சந்தைத் திடலில் எங்கள் மன்றம் இதை நாடகமாகப் போடும். ரோமத் தோலுக்குள் வெந்து சாகும் பன்றி நான், மூக்குக்கண்ணாடிக் கடை ஃபோல்க்மார். கடிப்பவள் கெஸீனா, ஊர் பஸ்ஸை ஓட்டுகிறவள். கடிப்பது ரப்பர்க் காதைத்தான் என்றாலும் எனக்கு மண்டைவரை இறங்கும். பஸ்ஸிலும் அப்படித்தான். எல்லோரிடமும் தேன் ஒழுகப் பேசுவாள்; நான் கதவோரம் நின்றால் மட்டும் ஒலிபெருக்கியிலேயே பெயர் சொல்லித் திட்டுவாள். அப்படிப்பட்டவளை ஏன் காதலிக்கிறாய் என்றால், எனக்குத் தெரியாது.

இந்த நிலையில் கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு கம்பெனி எங்கள் கதையைக் கார்ட்டூன் படமாக எடுத்தது. அதில் பன்றிக்கு நீலக் கண், பட்டு ரோமம், பாட்டு வேறு. மணப்பெண் கடிப்பதே இல்லை. கண்ணீர் மல்க அதன் மூக்கில் முத்தமிடுகிறாள். ஊர்ப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டு, போன வருடம் எங்கள் நாடகத்தைப் பார்த்து, கதையைத் தப்பாகச் சொல்கிறோம் என்று அழுதார்கள். எங்கள் கதையை எங்களுக்கே! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் அந்த முத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் பழையபடி கடிப்பதா, கார்ட்டூன்போல முத்தமிடுவதா என்று மன்றக் கூட்டத்தில் ரகளை. கடிக் கட்சிக்குக் கெஸீனாதான் தலைவி. வாக்கெடுப்பில் இரு கட்சியும் சரிபாதி. யார் மனமும் நோகக்கூடாது என்றே பிறந்த மன்றத் தலைவர் டிங்கல்டைன், சனிக்கிழமை கடி, ஞாயிற்றுக்கிழமை முத்தம் என்று தீர்ப்புச் சொன்னார். வழக்கம்போல எல்லோரும் மேசையைத் தட்டி ஆமோதித்தோம். நான் தட்டிய தட்டில் காப்பிக் கோப்பை உருண்டு விழுந்தது.

"பன்னிக்கு வந்த வாழ்வைப் பாரு," என்றாள் கெஸீனா.

சனிக்கிழமை கடி வாங்கினேன். முன்வரிசையில் கார்ட்டூன் படத்துப் பிளாஸ்டிக் கிரீடம் வைத்த பிள்ளைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். அழுகையைக் காணோம். நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. நாளை முத்தம்!

ஞாயிற்றுக்கிழமை, பன்றித் தலைக்குள் யாருக்கும் தெரியாது என்று அறிந்தும் முகம் மழித்து, வாசனைத் தைலம் பூசிக்கொண்டேன். விருந்துக் காட்சி வந்தது. தட்டில் மூக்கை விட்டேன். கெஸீனா கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். அவள் மூச்சில் உருளைக்கிழங்கு வாசனை. சொர்க்கத்தில் இதைத்தான் சமைப்பார்கள் போலிருக்கிறது.

"கடி!" என்றது முன்வரிசையில் ஒரு பொடிசு.

சனிக்கிழமைக் கடியின் சேதி ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அத்தனை கிரீடங்களும் எழுந்து நின்று "கடி! கடி!" என்று கத்த, பெற்றவர்கள் சேர்ந்துகொள்ள, டிங்கல்டைன்கூட நாற்காலியைத் தட்டினார். துரோகி! கெஸீனா கண்ணைத் திறந்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு கடித்தாள். வியர்வையில் பன்றித் தலை வழுக்கியிருந்ததால் அது ரப்பர்க் காது இல்லை, என் சொந்தக் காது. நான் போட்ட அலறலுக்குத் திடலே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

மேடைக்குப் பின்னால் ஈரத்துணியைக் காதில் அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த ஒரு முத்தத்துக்காகத்தான் கட்சி சேர்ந்தேன், உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், எல்லாம் போயிற்று என்றேன். கெஸீனா ஒரு தொத்திறைச்சியைத் தின்றுகொண்டே கேட்டாள்.

"முத்தம் நாய்க்குட்டிக்குக்கூடத்தான் குடுப்பாங்க. தட்டுல வாயை வச்சதுக்குக் கல்யாணப் பொண்ணுக்கு அவ்ளோ கோவம் வரணும்னா, எதிர்ல இருக்கறது மனுஷன்னு அவ எப்பவோ நெனச்சிருக்கணும்யா. அதனாலதான் அவன் ஆளானான்." கடுகுச் சாந்தை விரலால் வழித்து நக்கினாள். "என் பஸ்ல ஊரே ஏறுது. உன்னைத் தவிர வேற யாரையாவது நான் திட்டிப் பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரைக்கூட இல்லை. காது இன்னும் வலித்தது, வாய் மட்டும் தானாக இளித்தது.

திங்கட்கிழமை காலை காதில் பிளாஸ்திரியோடு பஸ்ஸில் ஏறினேன். உட்கார எத்தனையோ இடம் காலியாக இருந்தது. நான் போய்க் கதவோரமாக நின்றுகொண்டேன்.